உள்மூடி

தேயிலையின் தரம் கெடாமல் காப்பதற்கென்றே ஏற்பட்ட அந்த அலுவலகத்தில் தேநீர் அருந்தத் தடை இருந்தது. வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள். தேநீரில் ஆவி எழும், ஆவியில் ஈரம் இருக்கும், ஈரம் தேயிலைக்கு ஆகாது என்று சிறிய எழுத்தில் காரணமும் போட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த அறுபத்திரண்டு பேரும் பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் வெந்நீர் குடித்தார்கள். வெந்நீருக்கும் ஆவி உண்டே என்று ஒருவர் ஒருமுறை கேட்டாராம். அன்று முதல் வெந்நீரை ஆறவைத்துக் கொடுத்தார்கள். கேட்டவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

தேயிலைத் தரக் காப்பகம் என்பது அதன் பெயர். ஊரில் தேயிலையைப் பொட்டலம் கட்டுகிறவர்கள், டப்பாவில் அடைக்கிறவர்கள், கிடங்கில் வைக்கிறவர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். அதன் இரண்டாம் மாடியில் பதிவேட்டு அறை. அந்த அறையில் ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் ஒரு டப்பா. அந்த டப்பாவுக்கு மூலமாதிரி என்று பெயர். ஊரில் விற்கும் எந்தத் தேயிலையானாலும் அதன் வாசம் மூலமாதிரியின் வாசத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அது தேயிலை. ஒத்துப்போகாவிட்டால் அது என்ன என்பதைக் காப்பகம் சொல்லாது. அது காப்பகத்தின் வேலை அல்ல.

நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் காப்பகம் தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர் ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலிருந்தும் தேயிலை வரவழைத்து, குடித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த அலுவலகத்தில் தேயிலையைக் குடித்துப் பார்த்த கடைசி மனிதர் அவர்தான். அவர் தேர்ந்தெடுத்த டப்பா மூடியாருடைய அப்பாவின் டப்பா.

மூடியார் என்பது ஊர் வைத்த பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன், "டீத்தூள் டப்பாவை மூடிட்டீங்களா?" என்று கேட்பார். கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறார், துக்க வீட்டிலும் கேட்டிருக்கிறார். வயது அறுபத்து நான்கு. அந்த முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கீழே விழுந்த பொருளை எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி, முதுகை நேராகவே கீழே இறக்கி எடுத்துக்கொண்டு, அப்படியே மேலே ஏறுவார். பார்ப்பவர்களுக்குக் கிணற்றில் வாளி இறங்கி ஏறுவது போல இருக்கும்.

அவருடைய கடைக்குப் பின்னால் அடைப்பு அறை. ஜன்னலுக்குக் கெட்டித் திரை. மரப்பெட்டிகள் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பலகைமேல் இருக்கும். டப்பாவுக்குள் ஈயத்தாள் விரித்து, தூளைக் கொட்டி, டப்பாவை மேசைமேல் இரண்டு தட்டுத் தட்டினால் தூள் அமுங்கும். அமுங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம். காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. பிறகு உள்மூடி. அதை அழுத்தினால் "டப்" என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். அதற்கு மேல் வெளிமூடி. ஒரு டப்பாவுக்கு இரண்டு மூடி போடுவது அந்த ஊரில் அப்பா கொண்டுவந்த வழக்கம். வெளிமூடி தூசுக்கு, உள்மூடி தேயிலைக்கு என்பார். ஒவ்வொரு உள்மூடியின் உட்புறத்திலும் தன் பெயரை உளியால் பொறித்திருப்பார். வெளியே ஒட்டிய தாள் கிழியலாம், உள்ளே பெயர் இருக்கட்டும் என்று.

அடைப்பு அறையில் வாசனை எதுவும் ஆகாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆகவே அந்த வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது, வாசனை எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது. மூடியாரின் அக்கா அறுபத்தொன்பது வயது வரை வெறும் தண்ணீரில் முகம் கழுவியவள்.

"இந்த வீட்டுல பொறந்ததுக்கு என் மூக்குதான் தண்டனை அனுபவிச்சுது" என்பாள். "வாசனைன்னு ஒண்ணு உலகத்துல இருக்குன்னே அடுத்த வீட்டு ஜன்னல் வழியாத்தான் எனக்குத் தெரியும்."

ஆனால் அந்த மூக்கைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. மூன்று வீடு தள்ளிப் பால் அடிப்பிடித்தால் இவள் எழுந்து போய்க் கதவைத் தட்டுவாள்.

கடையில் கல்லாவுக்கு மேலே முதல் இயக்குநரின் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் காப்பகத்தின் ஒன்பது விதிகள். அந்த விதிகளில் முக்கால்வாசி அப்பா சொல்ல இயக்குநர் எழுதிக்கொண்டவை. நான்காம் விதி: வாசமுள்ள எந்தப் பொருளோடும் தேயிலையை வைக்கலாகாது. ஒன்பதாம் விதி: விதி தவறி வைக்கப்பட்ட எந்த டப்பாவிலும் அதை அடைத்த குடும்பத்தின் பெயர் இருத்தல் ஆகாது. இந்த ஒன்பதாவதை வேண்டுமென்று கேட்டு வாங்கியவர் அப்பா. கெட்ட தேயிலைமேல் தன் பெயர் இருப்பதைவிடப் பெயரில்லாமல் இருப்பது மேல் என்று நினைத்த மனிதர். மூடியார் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அந்தச் சட்டங்களைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார்.

நாற்பது ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லை. காப்பகத்தின் பரிசோதனை என்பது காகிதத்தில் நடந்தது. அலமாரியைத் திறக்காமலே மூலமாதிரி ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டது. கடைத் தேயிலைகளும் அப்படியே முகராமலே தேறின. பிறகு புது இயக்குநர் வந்தார். அவர் உழைப்பாளி. வினை அங்கேதான் தொடங்கியது.

"இத்தனை வருஷமா யாருமே மூலமாதிரியோட வாசத்தை ஒப்பிட்டுப் பார்க்கலையா?" என்று கேட்டு அதிர்ந்துபோனார். உடனே ஒரு முகர்வு அவையை அமைத்தார். புதிதாக ஒரு வாசனை அலுவலரை நியமித்தார். இளைஞர், மெலிந்தவர், மனசாட்சி உள்ளவர். மூன்று மாதம் அவருக்குப் பயிற்சி. பயிற்சி என்றால், காலையிலும் மாலையிலும் மூலமாதிரியை முகர்ந்து அதன் வாசத்தை மனப்பாடம் செய்வது. வேறு தேயிலை எதையும் அவர் முகரக் கூடாது, மூக்கு கலங்கிவிடும். வீட்டிலும் தேநீர் குடிப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவர் வேலையில் சேர்ந்தார்.

முதல் முகர்வுக்கு மூடியார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அப்பாவின் தேயிலைக்குப் பக்கத்தில் தன் தேயிலை நிற்கப்போகிறது என்ற பெருமையில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார்.

சபை அறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் திரை. திரைக்குப் பின்னால், அலமாரியிலிருந்து எடுத்துவந்து வைத்த மூலமாதிரி. அதை முகரும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டுமே. ஒவ்வொருவரும் திரைக்குப் பின்னால் போய் ஒரே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அதை வெளியே விடாமல் கன்னம் உப்பலோடு வந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊதினார்கள். அலுவலகக் காற்றில் மூலமாதிரி வீணாகக் கலக்கக் கூடாதாம். மூச்சை உள்ளே இழுப்பது பணி, வெளியே விடுவது அவரவர் பொறுப்பு என்று சுற்றறிக்கை இருந்தது.

பிறகு மூடியாரின் டப்பாவை முகர்ந்தார்கள். வாசனை அலுவலர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஐயா, சொல்லக் கஷ்டமா இருக்கு" என்றார். "உங்க டப்பால ஏதோ ஒரு அந்நிய வாசம் வருது."

"அந்நிய வாசமா? என்ன வாசம்?"

"தெரியலைங்க. இலை மாதிரி ஒண்ணு. கொஞ்சம் இனிப்பாவும் இருக்கு. மூலமாதிரில அது கொஞ்சமும் இல்லை."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க அப்பா வெச்சுட்டுப் போன உயரம் அது. எல்லாராலயும் எட்ட முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க. பெரிய மனுஷங்களோட பிள்ளைங்களுக்கு இது வழக்கமா நடக்கறதுதான்."

மூடியாருக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது. மூன்று முறை வாசம் ஒத்துப்போகாவிட்டால் டப்பா விதி தவறி வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பிறகு ஒன்பதாம் விதி. அப்பாவின் பெயரைத் தன் டப்பாவிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அடைப்பு அறையைத் தலைகீழாகப் புரட்டினார். பலகைகளைக் கழுவி வெயிலில் போட்டார். திரையை மாற்றினார். அக்காவின் தலையை முகர்ந்து பார்த்தார்.

"டேய், நான் என்ன பெட்டியா?"

"நீ எண்ணெய் ஏதாவது..."

"அறுபத்தொன்பது வயசுல இனிமே எண்ணெய் தடவி யாரை மயக்கப் போறேன்? போடா அந்தப் பக்கம்!"

இதற்கிடையில் எதிர்க்கடைக்காரருக்கு முதல் தரம் கிடைத்தது. ஊரே மூக்கின்மேல் விரலை வைத்தது. எதிர்க்கடைக்காரர் மழைக்காலத்தில் சாக்கைத் திறந்துபோட்டு விற்கிறவர். அவர் டப்பாவில் தேயிலை நான்கு நாளில் பூஞ்சை பூத்துவிடும். அவருக்கு முதல் தரம்! காப்பகத்தின் பச்சை முத்திரையைக் கடைக் கதவிலும், தராசிலும், தன் சட்டைப் பையிலும் ஒட்டிக்கொண்டு திரிந்தார்.

அக்கா ஒரு பொட்டலம் வாங்கி வந்து மேசைமேல் வைத்துப் பிரித்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"அந்துருண்டை" என்றாள்.

"என்னது?"

"அந்துருண்டைடா. துணிக்கு நடுவுல போடறோமே, வெள்ளையா, உருண்டையா. சத்தியமா அதேதான். இந்தா, நீயே மோந்து பாரு."

மூடியார் முகர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நேராக எதிர்க்கடைக்குப் போனார். முதுகு வழக்கத்தைவிட நேராக இருந்தது.

எதிர்க்கடைக்காரர் மறைக்கவில்லை. வெற்றி பெற்றவர்களுக்கு உள்ள தாராளம் அவருக்கு வந்திருந்தது.

"வாங்க மூடியாரே! உட்காருங்க. டப்பாவை மூடிட்டேன், கேக்காதீங்க. எனக்கும் முதல் தடவை போச்சு. அப்புறம் என் சம்சாரம் வீடு ஒழிக்கறேன்னு ஒரு பெட்டி தேயிலையைத் தன் துணி அலமாரில தூக்கி வெச்சுட்டா. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பார்த்தேன். சரி, போனாப் போகுதுன்னு அதை எடுத்துட்டுப் போனேன். அந்த வாசனை அலுவலர் தம்பி இருக்காரே, மோந்து பார்த்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார். 'ஐயா, இதுதான் தேயிலை'ன்னார்."

"அது தப்பு. அது தேயிலை வாசமே இல்ல."

"யாருக்குத் தெரியும்? மூலமாதிரியில அந்த வாசம்தானே வருது? மூலமாதிரி யாரோடது? உங்க அப்பாவோடது." எதிர்க்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க அப்பா டப்பாலயே அந்துருண்டை போட்டுத்தான் வெச்சிருந்தாரா? தொழில் ரகசியம்னு கேக்கறேன்."

மூடியார் திரும்பி நடந்தார். வாசற்படியில் கால் இடறியது. அப்போதும் முதுகு வளையவில்லை. விழுந்திருந்தால் பலகை மாதிரி விழுந்திருப்பார்.

செய்தி பரவிவிட்டது. ஊரிலுள்ள தேயிலை வியாபாரிகளெல்லாம் துணிக்கடைத் தெருவுக்குப் படையெடுத்தார்கள். அந்துருண்டை கிடைக்காமல் போயிற்று. தேயிலைக் கிடங்குகளில் அலமாரிகள் வந்தன. ஒரு வியாபாரி பெட்டிக்கு ஆறு உருண்டை என்றார், இன்னொருவர் எட்டு என்றார். எட்டுப் போட்டவருக்குச் சிறப்பு முதல் தரம் கிடைத்தது. காப்பகம் 'மணம் காக்கும் வாரம்' கொண்டாடியது. அதில் இயக்குநர் பேசினார்:

"சிலர் கேக்கறாங்க, தேயிலை குடிக்க நல்லா இருக்கணும் இல்லையான்னு. இது ஒரு பழைய எண்ணம். நல்லா இருக்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே மாதிரி இருக்கறது மாறாது. நான் பொறுப்பு எடுத்துக்கிட்ட எட்டு மாசத்துல ஊர்த் தேயிலை முழுக்க ஒரே மாதிரி ஆகியிருக்கு. இது சாதாரணச் சாதனை இல்ல."

கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். முதல் தரம் என்று முத்திரை இருக்கிறதே, குறை நம் நாக்கில்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார்கள். இரண்டு வீடுகளில் விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்கும்போது, "வாசம் தூக்குதா?" என்று கேட்டதாகவும், விருந்தாளிகள், "நல்லாத் தூக்குது" என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் எழுந்துபோனதாகவும் பேச்சு. ஒரு நன்மை நடந்ததை மறுக்க முடியாது. ஊரில் ஓர் அந்துப்பூச்சிகூட இல்லை.

இரண்டாவது முகர்விலும் மூடியார் தோற்றார். இந்த முறை அந்நிய வாசம் முன்பைவிட அதிகம் என்று அலுவலர் எழுதினார். மூடியார் கூடுதல் கவனத்தோடு அடைத்திருந்தார் அல்லவா?

மூன்றாவது முகர்வுக்கு முந்தைய வாரம் அக்கா கூடத்தில் வந்து நின்றாள்.

"போய்ச் சொல்லுடா. மூலமாதிரில அந்துருண்டை வாசம் அடிக்குதுன்னு."

"முடியாது."

"ஏன்?"

"அது அப்பா டப்பா."

"அதனாலதான் சொல்லணும்."

"அக்கா, நாப்பத்தோரு வருஷமா ஊர்ல எங்க போனாலும் 'மூலமாதிரி குடும்பம்'னு எழுந்து நிக்கறாங்க. நான் போய் அந்தச் சபையில நின்னு, எங்கப்பா டப்பா நாறுதுன்னு சொல்லணுமா? அதுக்கு என் டப்பால பேர் போனாலும் பரவாயில்ல."

"ரெண்டும் ஒரே பேருடா!"

பேசாமல் இருந்தால் அப்பாவின் பெயர் கடை டப்பாவிலிருந்து போகும். பேசினால் அப்பாவின் பெயர் ஊர் வாயிலிருந்து போகும். மூடியார் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தை இன்னொரு முறை துடைத்தார்.

கடைசியில் ஒரு மனு மட்டும் எழுதினார். பெயர் பறிபோவதற்கு முன் அப்பாவின் டப்பாவைத் தன் கண்ணால் ஒரு முறை பார்க்க அனுமதி வேண்டும். முகர மாட்டேன். இயக்குநர் இளகிய மனம் படைத்தவர். 'பார்வை மட்டும், மூச்சை அடக்கிக்கொண்டு' என்று ஓரத்தில் எழுதி அனுமதித்தார்.

மூன்றாவது முகர்வு நாளன்று அக்காவும் உடன் வந்தாள். கையில் பை. பைக்குள் என்ன என்று வாசலில் கேட்டார்கள். "என் மாத்திரை" என்றாள்.

சபை கூடுவதற்கு முன் இயக்குநர், வாசனை அலுவலர், அக்கா, மூடியார் நால்வரும் பதிவேட்டு அறைக்குப் போனார்கள். அங்கே பதிவேட்டுக் காப்பாளர் காத்திருந்தார். ஓய்வு பெற இரண்டு மாதமே இருந்தது அவருக்கு. இடுப்பில் சாவிக் கொத்து. அலமாரியைத் திறப்பதற்கு முன் தலையைத் தடவிக்கொண்டு ஒரு சின்ன உரை ஆற்றினார். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் பேசுவதற்கு ஆள் கிடைத்தது அன்றுதான்.

"நான் வந்து முப்பத்து மூணு வருஷம் ஆச்சுங்க. இந்த அலமாரில ஒரு தாள் கூடப் பூச்சி அரிச்சதில்ல. ஒரு தாள்! மத்த அலுவலகத்துல போய்ப் பாருங்க, சல்லடை மாதிரி இருக்கும். மாசம் தவறாம நான் என் கையால மாத்தறேன்."

"எதை?" என்றாள் அக்கா.

கதவு திறந்தது. மூடியார் மூச்சை அடக்கிக்கொண்டார். நடுத்தட்டில் அப்பாவின் டப்பா. அதே நீலம், ஒட்டிய தாளில் அதே கையெழுத்து. அதன்மேல் ஒற்றை மூடி, சற்றே தளர்வாக, சாய்ந்து உட்கார்ந்திருந்தது. டப்பாவுக்கு இடப்பக்கம் கோப்புகள். வலப்பக்கம் ஒரு வட்டத் தகரத் தட்டு. அந்தத் தட்டில் குவியலாக வெள்ளை உருண்டைகள்.

மூடியார் தட்டைப் பார்த்தார். நடுவில், உருண்டைகளுக்கு இடையே, ஒரு சின்ன வளையம். விளிம்பில் அழுத்துவதற்கான மடிப்பு. அவருடைய கை தானாக நீண்டது. உருண்டைகள் சடசடவென்று கோப்புகள்மேல் கொட்டி, தரையில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் உருண்டு ஓடின. தட்டைத் திருப்பிப் பார்த்தார். உட்புறத்தில், நாற்பத்தோரு ஆண்டுகளாக அந்துருண்டைக்கு அடியில் படுத்திருந்தது அப்பாவின் பெயர்.

"ஐயையோ, என் தட்டு!" என்றார் காப்பாளர்.

"இது தட்டில்ல" என்றார் மூடியார். குரல் வெளியே வர நேரம் ஆயிற்று. மூச்சை அடக்கியிருந்தார் அல்லவா? "இது உள்மூடி."

"உள்மூடியா? அப்படி எதுவும் இல்லைங்களே. பதிவேட்டுல தெளிவா இருக்கு: டப்பா ஒண்ணு, மூடி ஒண்ணு. முதல் இயக்குநர் எழுதினது. டப்பாவுக்கு ஒரு மூடிதானே? எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார், கூட ஒரு மூடி வந்துடுச்சு, பதிவுல இல்லாத பொருள் டப்பாமேல இருக்கக் கூடாது, ஆனா நல்ல பொருள், எறியவும் மனசில்ல, உருண்டை வைக்க ஆகும்னு. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துது. நானும் தினமும் துடைச்சு வெச்சிருக்கேன்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. தட்டு பளபளவென்று இருந்தது.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவர் சமாளித்துக்கொள்கிறவர். "இதெல்லாம் நிர்வாக விஷயம். மூலமாதிரியோட வாசம் இதுதான்னு அதிகாரபூர்வமா நிலைநிறுத்தியாச்சு. எப்படி வந்ததுங்கறது வரலாறு. நமக்கு வரலாறு வேண்டாம். வாசம் போதும்."

அப்போது அறையில் ஒரு வாசம் எழுந்தது.

அக்கா மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று காலை, நான்கு மாதத்துக்கு முன் அடைத்த டப்பாவைத் திறந்து போட்டது. ஆவி சுருண்டு மேலே போயிற்று.

வாசனை அலுவலரின் மூக்கு திரும்பியது; அவர் பின்னாலேயே திரும்பினார். "இது... இது என்ன வாசம்?"

"நீங்களே சொல்லுங்க. நீங்கதானே அலுவலர்?" என்றாள் அக்கா.

அவர் தன் பையிலிருந்து வாசனைப் பட்டியலை எடுத்துப் புரட்டினார். அதில் முப்பத்தேழு அந்நிய வாசங்கள் இருந்தன. ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய், எலி, புது வண்ணம். இது எதிலும் இல்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழாவதில் பட்டியல் முடிந்தது, விரல் நின்றது. மறுபடி முகர்ந்தார்.

"இதை நான் எங்கயோ... ஆமா, இவங்க டப்பால வந்த அதே அந்நிய வாசம். மனசுக்கு இதமா இருக்கே. இது என்னங்க?"

"டீ" என்றாள் அக்கா.

ஓர் உருண்டை இயக்குநரின் செருப்பில் மோதி நின்றது.

"தம்பி, இந்தா, குடிச்சுப் பாரு."

"அம்மா, நான் எழுதிக் கொடுத்திருக்கேன்..."

"நான் கண்ணை மூடிக்கறேன்."

அவர் குடித்தார். குடித்துவிட்டு அந்த மூடியைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி காப்பகத்தின் வரலாற்றில் இடம்பெற வேண்டியது. ஆனால் இயக்குநருக்கு வரலாறு வேண்டாம் என்பதால் இடம்பெறவில்லை. "அப்போ மூணு மாசமா நான் மனப்பாடம் பண்ணினது?"

"அதோ, உருண்டு போகுதே, அது" என்றாள் அக்கா.

மூடியார் உள்மூடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் மூட்டை கட்டி வைத்திருந்த பேச்சு அவருக்கு வந்தது.

"ஐயா, நான்காம் விதி என்ன?"

"வாசமுள்ள எந்தப் பொருளோடும்..." இயக்குநர் பழக்கத்தில் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

"ஒன்பதாம் விதி?"

இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார். வாசனை அலுவலர் சொன்னார், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல: "விதி தவறி வைக்கப்பட்ட எந்த டப்பாவிலும் அதை அடைத்த குடும்பத்தின் பெயர் இருத்தல் ஆகாது."

"எந்த டப்பாவிலும்னு இருக்கு. கடை டப்பான்னு இல்ல. அலுவலக டப்பாவுக்கு விலக்குன்னும் இல்ல. இந்த விதியைக் கேட்டு வாங்கினவர் எங்கப்பா. அதனால மரியாதையாக் கேக்கறேன். உங்க டப்பாவுல இருந்து எங்கப்பா பேரை எடுத்துடுங்க."

"அது மூலமாதிரி!" என்றார் இயக்குநர். "அதுல பேர் இருக்கறது உங்க குடும்பத்துக்குப் பெருமை! நீங்களே வேண்டாங்கறீங்களா?"

"எங்கப்பா அதைக் குடிக்கப் போட்டுக் கொடுத்தார். நீங்க வெச்சுப் பார்த்தீங்க. நாப்பத்தோரு வருஷம் எதை வெச்சாலும் இப்படித்தான் ஆகும், என்னையும் சேர்த்து. அவர் மேல தப்பு இல்ல. ஆனா அந்த வாசத்துக்கு மேல அவர் பேர் இருக்கக் கூடாது."

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஒரு விதியை மீறலாம், அது அலுவலகங்களில் நடக்கிறதுதான். ஆனால் மனசாட்சியுள்ள ஓர் அலுவலர் முன்னிலையில், அவர் ஏற்கெனவே பையைத் திறந்து பேனாவை எடுத்துவிட்ட பிறகு, மீற முடியாது. வாசனை அலுவலர் தரையில் முழங்காலிட்டு, கோப்பின்மேல் காகிதத்தை வைத்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'பெறுநர்: இயக்குநர். பொருள்: தங்கள் அலமாரியில் அந்நிய வாசம்.'

காப்பாளர் சுரண்டுகத்தியைக் கொண்டுவந்தார். மூடியாரே அதை வாங்கி, டப்பாமேல் ஒட்டியிருந்த தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்தார், கிழியாமல். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீல டப்பா வெறும் டப்பாவாக நின்றது.

மூன்றாவது முகர்வு அன்று நடக்கவில்லை. ஒப்பிடுவதற்குப் பெயருள்ள மூலமாதிரி இல்லாததால் எல்லாக் கடைப் பெயர்களும் மறு உத்தரவு வரும் வரை அப்படியே இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. புது மூலமாதிரி தர முடியுமா என்று மூடியாருக்கு ஒரு கடிதமும் வந்தது. ஒரு டப்பா அனுப்பினார். அதன் மேல், 'வெந்நீர் நேரத்தில் போட்டுக் குடித்துத் தீர்க்கவும்' என்று எழுதியிருந்தார். காப்பகம் அதைப் பதிவேட்டில் ஏற்றி, ஆலோசனைக்கு வைத்தது. தீர்த்துவிட்டால் வைப்பதற்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு அவர்களால் விடை காண முடியவில்லை. ஆனால் பதிவேட்டில் இந்த முறை, 'டப்பா ஒன்று, மூடி இரண்டு' என்று எழுதியிருந்ததாக வாசனை அலுவலர் வந்து சொன்னார். அவர் இப்போது மாலை நான்கு மணிக்குக் கடைக்கு வந்துவிடுகிறார். ஆறவைத்த வெந்நீர் வயிற்றுக்கு ஆகவில்லையாம்.

பெயரில்லாத பழைய டப்பாவைக் காப்பகம் எறியவில்லை. இயக்குநர் அதற்கு ஒரு கண்ணாடிக் கூண்டு செய்யச் சொன்னார். யாருடைய பெயரும் இல்லாத தேயிலை, ஆகவே யாருக்கும் சலுகை காட்டாத தேயிலை என்று பார்க்க வருபவர்களிடம் விளக்குகிறார்களாம்.

எதிர்க்கடைக்காரர் பச்சை முத்திரையை எடுத்துவிட்டார். சட்டைப் பையில் ஒட்டியது மட்டும் வரவில்லை.

உள்மூடியை அக்கா வெந்நீரில் மூன்று முறை கழுவினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நாலு நாள் மொட்டைமாடி வெயிலில் கிடந்தது. ஐந்தாம் நாள் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"போகலையா?" என்று மூடியார் கீழேயிருந்து கேட்டார்.

"போகலடா. இனிமே இது டீக்கு ஆகாது."

"எறிஞ்சுடாத."

"அப்பா பேர் இருக்கறதை நான் ஏண்டா எறியறேன்?"

அது இப்போது அக்காவின் துணி அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. ஒரு பூச்சி எட்டிப் பார்ப்பதில்லை. தரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.